இரண்டாம் உலகப் போரின் படைச்செலவும் இந்தியப் பொருளாதாரமும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் (1939–1945) பிரித்தானிய இந்திய அரசு மேற்கொண்ட படைச்செலவு, நாட்டின் பொருளாதாரத்தை அடியோடு மாற்றியது. போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி ரூபாயாக இருந்த பாதுகாப்புச் செலவு, 1944–45இல் ஏறத்தாழ 400 கோடி ரூபாயாக உயர்ந்தது. இது இந்தியாவின் கணக்கில் எழுதப்பட்ட தொகை மட்டுமே. பிரிட்டனுக்காக இந்தியா செய்த செலவும் ஏறக்குறைய இதற்குச் சமமாக இருந்தது.

இந்தச் செலவின் விளைவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். பிரிட்டனிடம் கடன்பட்டிருந்த இந்தியா, போரின் முடிவில் பிரிட்டனுக்கே கடன் கொடுத்த நாடாயிற்று. அதே ஆண்டுகளில் வங்காளத்தில் லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் இறந்தனர். ஆலைகள் இரவுபகலாக இயங்கின. ஆனால் உடுத்தத் துணி கிடைக்கவில்லை. ஒரு நாட்டின் படைச்செலவை யார் முடிவு செய்கிறார்கள், யார் சுமக்கிறார்கள் என்ற கேள்விக்கு இக்காலம் தெளிவான ஓர் எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

இந்தியாவில் இருந்த படை, இந்தியாவின் பாதுகாப்புக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. பிரித்தானியப் பேரரசின் தேவைக்கேற்ப ஆப்பிரிக்கா, மேற்காசியா, சீனா ஆகிய பகுதிகளுக்கு அது அனுப்பப்பட்டது. ஆயினும் அதைப் பராமரிக்கும் செலவின் பெரும்பகுதியை இந்திய வரி செலுத்துவோரே ஏற்றனர். தாதாபாய் நௌரோஜி முதலிய தொடக்ககாலத் தேசியத் தலைவர்கள் வைத்த முக்கியமான குற்றச்சாட்டுகளுள் இதுவும் ஒன்று. இந்தியாவின் செலவுகளை ஆராய 1895இல் அமைக்கப்பட்ட வெல்பி ஆணையத்தில் நௌரோஜி உறுப்பினராக இருந்து இக்கருத்தை வலியுறுத்தினார்.

முதல் உலகப் போரின்போது, 1917இல், இந்தியாவின் சார்பில் 10 கோடிப் பவுன் பிரிட்டனுக்கு ‘நன்கொடை’யாக அளிக்கப்பட்டது. அப்போதைய அரசின் வருவாயோடு ஒப்பிட இது மிகப் பெரிய தொகை. இந்த அனுபவம் இந்தியத் தலைவர்களின் நினைவில் ஆழமாகப் பதிந்திருந்தது. 1930களிலும் நடுவண் அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி பாதுகாப்புக்கே சென்றது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் பாசனத்துக்கும் மாகாண அரசுகள் தம் சிறு வருவாயைக் கொண்டே சமாளிக்க வேண்டியிருந்தது.

1939 செப்டம்பர் 3ஆம் நாள், இந்தியச் சட்டமன்றத்தையோ தலைவர்களையோ கலந்தாலோசிக்காமல் வைசிராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் ஈடுபட்டிருப்பதாக அறிவித்தார். அதை எதிர்த்து மாகாணங்களின் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. போரின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேரைக் கொண்டிருந்த இந்தியப் படையில், போர் முடிவதற்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றியிருந்தனர்.

1939ஆம் ஆண்டின் நிதி உடன்பாடு

போர்ச்செலவை எவ்வாறு பங்கிடுவது என்பது பற்றி 1939 நவம்பரில் பிரித்தானிய அரசும் இந்திய அரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. இதன்படி இந்தியா ஏற்க வேண்டியவை நான்கு:

1. அமைதிக் காலத்தில் வழக்கமாக ஆகும் படைச்செலவு. இது ஆண்டுக்குச் சுமார் 37 கோடி ரூபாய் என வரையறுக்கப்பட்டது.
2. விலைவாசி உயர்வினால் அச்செலவில் ஏற்படும் கூடுதல்.
3. முழுக்க இந்தியாவின் நலனுக்காக மேற்கொள்ளப்படும் போர் நடவடிக்கைகளின் செலவு.
4. வெளிநாடுகளில் உள்ள இந்தியப் படைகளுக்காக ஒரு கோடி ரூபாய்.

இவற்றுக்கு மேல் ஆகும் செலவு அனைத்தும் பிரிட்டனைச் சேரும். படைகள் கடல் கடந்து சென்றபின் அவற்றின் செலவு பிரிட்டனின் கணக்கில் எழுதப்பட்டது. பிரிட்டனும் நேசநாடுகளும் இந்தியாவில் வாங்கிய துணி, தோல், சணல், எஃகு, வெடிபொருள் ஆகியவற்றின் விலையும் அதே கணக்கில் சேர்ந்தது.

தாளில் பார்க்கும்போது இது இந்தியாவுக்குச் சாதகமான உடன்பாடே. போர் வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் நடந்த வரை இந்தியாவின் பங்கு அளவோடு இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கி, மலேயாவையும் பர்மாவையும் கைப்பற்றியபின் நிலைமை மாறியது. போர் இந்திய எல்லைக்கே வந்துவிட்டதால், நாட்டுக்குள் நிறுத்தப்பட்ட படைகள், விமானத் தளங்கள், சாலைகள் ஆகியவற்றின் செலவு ‘இந்தியாவின் நலனுக்கானது’ என்ற பிரிவில் சேர்ந்து வேகமாகப் பெருகியது. அசாமிலும் வங்காளத்திலும் தங்கிய அமெரிக்கப் படைகளுக்கு இந்தியா வழங்கிய பொருள்களும் இந்தியாவின் கணக்கிலேயே ஏறின.

பணம் உருவாக்கப்பட்ட முறை

பிரிட்டன் தன் பங்கைத் தந்துவிட்டது என்றால், இந்தியாவுக்குச் சுமை எங்கிருந்து வந்தது? இதைப் புரிந்துகொள்ளப் பணம் கைமாறிய வழியைப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பிரித்தானியப் படைக்காக ஒரு கோவை ஆலையிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்குச் சீருடைத் துணி வாங்கப்படுகிறது எனக் கொள்வோம். ஆலைக்கு ரூபாயில்தான் பணம் தர வேண்டும். பிரிட்டனிடம் ரூபாய் இல்லை. எனவே இந்திய அரசு முதலில் ரூபாயைக் கொடுத்துவிடும். அதற்கு ஈடான பவுனை பிரித்தானிய அரசு லண்டனில் இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்கில் வரவு வைக்கும். வங்கி அந்தப் பவுனைக் கொண்டு பிரித்தானிய அரசின் குறுகியகாலப் பத்திரங்களை வாங்கும். 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டப்படி, தங்கத்தைப் போலவே ஸ்டெர்லிங் பத்திரங்களையும் ஈடாகக் காட்டிப் பணத்தாள் வெளியிடலாம். ஆகவே அந்தப் பத்திரங்களின் வலிமையில் இந்தியாவில் புதிய ரூபாய்த் தாள்கள் அச்சிடப்பட்டன.

இதன் விளைவு மூன்று. துணி நாட்டை விட்டுச் சென்றது. அதன் விலையாக வந்த ரூபாய் நாட்டுக்குள் புழங்கியது. அந்த ரூபாய்க்கு ஈடான பவுன் லண்டனில் நின்றது.

அமைதிக் காலமாக இருந்தால் அந்தப் பவுனைக் கொண்டு வெளிநாட்டிலிருந்து அரிசி, இயந்திரம், மருந்து முதலியவற்றை இறக்குமதி செய்யலாம். கூடுதலாக வந்த பணத்துக்கு ஏற்பப் பொருளும் வரும். விலை பெரிதாக ஏறாது. போர்க்காலத்தில் கப்பல் இல்லை. விற்கும் நாடும் இல்லை. பவுனை விரும்பியபடி செலவிடும் உரிமையும் இந்தியாவுக்கு இல்லை. எனவே பணம் பெருகியது, பொருள் குறைந்தது.

1939இல் சுமார் 180 கோடி ரூபாய் மதிப்புள்ள பணத்தாள்கள் புழக்கத்தில் இருந்தன. போர் முடிந்தபோது அது சுமார் 1,200 கோடி ரூபாயாக, அதாவது ஆறு மடங்குக்கும் மேலாக, உயர்ந்திருந்தது. நாட்டின் விளைச்சலோ ஆலை உற்பத்தியோ இந்த அளவில் ஒரு சிறு பங்குகூடப் பெருகவில்லை.

நாணயங்களிலும் போரின் தடம் தெரிந்தது. 1940இல் ரூபாய் நாணயத்தின் வெள்ளி அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. ஒரு ரூபாய்த் தாளும் வெளியிடப்பட்டது. பழைய முழுவெள்ளி ரூபாய்களை மக்கள் பதுக்கியதால் அவை படிப்படியாகத் திரும்பப் பெறப்பட்டன. உலோகத்தை மிச்சப்படுத்த 1943 முதல் நடுவில் துளையுடன் காலணா அடிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ‘ஓட்டைக் காலணா’ என்று பெயர் பெற்ற நாணயம் இதுவே.

வரியும் கடனும்

தன் சொந்தப் பங்குக்கு இந்திய அரசு வரியையும் கடனையும் நாடியது. வருமான வரி பலமுறை உயர்த்தப்பட்டது. போரால் நிறுவனங்களுக்குக் கிடைத்த கூடுதல் இலாபத்தின்மீது 1940இல் 50 விழுக்காடு மிகை இலாப வரி விதிக்கப்பட்டு, மறு ஆண்டே மூன்றில் இரண்டு பங்காக உயர்த்தப்பட்டது. இறக்குமதி குறைந்து சுங்க வருவாய் சரிந்ததால், நேர்முக வரிகளே அரசின் முதன்மை வருவாயாக மாறின. எளிய மக்கள் வாங்கும் பொருள்களும் தப்பவில்லை. 1943இல் புகையிலைக்கும், 1944இல் பாக்கு, காப்பி, தேயிலை ஆகியவற்றுக்கும் நடுவண் ஆயத்தீர்வை விதிக்கப்பட்டது.

எனினும் வருமான வரி செலுத்துவோர் மக்கள்தொகையில் மிகச் சிலரே. கிராமப்புறத்தின் பெரும்பகுதி அவ்வரிக்கு வெளியே இருந்தது. அந்நிய அரசு வெளியிட்ட போர்க்கடன் பத்திரங்களை வாங்கப் பொதுமக்களிடம் ஆர்வமும் இல்லை. பிரிட்டனில் கடும் வரி, கட்டாயச் சேமிப்பு, முழுமையான பங்கீடு ஆகியவற்றால் மக்களின் வாங்கும் சக்தி ஒழுங்காகக் குறைக்கப்பட்டது. பங்கீட்டு அட்டையில் செல்வருக்கும் தொழிலாளிக்கும் ஒரே அளவு கிடைத்தது. இந்தியாவில் அந்த வேலையை விலையேற்றம் செய்தது. வரி ஆள் பார்த்து விதிக்கப்படும். விலையேற்றமோ எவர் கையில் குறைவாக இருக்கிறதோ அவரிடமிருந்தே அதிகமாகப் பறிக்கும்.

விலையேற்றமும் அதன் சுமையும்

போரின் முதல் இரண்டாண்டுகளில் விலைகள் மெதுவாக ஏறின. 1942இன் பிற்பகுதியிலிருந்து ஏற்றம் கட்டுக்கடங்காமல் போயிற்று. 1939 ஆகஸ்டை 100 எனக் கொண்டால், 1943ஆம் ஆண்டின் இறுதியில் மொத்த விலைக் குறியீடு 240 அளவில் இருந்தது. இது அரசு விலைகளின் கணக்கு. கள்ளச்சந்தை விலை இதனினும் அதிகம்.

இதனால் ஆதாயம் அடைந்தோர் உண்டு. படைக்குப் பொருள் வழங்கிய ஒப்பந்தக்காரர்கள், ஆலை முதலாளிகள், தானியத்தை இருப்பு வைக்க வசதி பெற்ற வணிகர்கள், விற்பதற்கு உபரி விளைச்சல் வைத்திருந்த பெருநிலக்காரர்கள் ஆகியோர் செழித்தனர். விளைபொருள் விலை ஏறியதால் பழைய கடனைத் தீர்த்த விவசாயிகளும் இருந்தனர்.

நட்டமடைந்தோர் தொகை பெரியது. கூலித் தொழிலாளர்கள், கைவினைஞர்கள், மீனவர்கள், மாதச் சம்பளத்தில் வாழ்ந்த எழுத்தர்கள், ஆசிரியர்கள் ஆகியோரின் வருமானம் விலைக்கு ஈடாக ஏறவில்லை. சங்கமாகத் திரண்ட ஆலைத் தொழிலாளர்களும் அரசு ஊழியர்களும் விலைவாசிக்கேற்பக் கூடுதல் படி கேட்டுப் பெற்றனர். ‘பஞ்சப்படி’ என்ற பெயரில் வழங்கப்பட்ட அத்தொகையே இன்று அகவிலைப்படி எனப்படுகிறது. கிராமத்துக் கூலியாளுக்கு அத்தகைய படி எதுவும் இல்லை.

வங்காளப் பஞ்சம்

படைச்செலவின் சுமை எவ்வளவு கொடியதாக இருக்க முடியும் என்பதை 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் காட்டியது. 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. ஜப்பானியர் கைக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று வங்காளத்தின் கடலோர மாவட்டங்களில் உபரி அரிசி அகற்றப்பட்டது. பல்லாயிரக்கணக்கான படகுகள் கைப்பற்றப்பட்டன அல்லது அழிக்கப்பட்டன. ஆறும் கால்வாயுமாக உள்ள அந்நிலத்தில் படகு இல்லையென்றால் மீன்பிடிப்பும் இல்லை, வணிகமும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் மிதுனாபூர் பகுதியைப் பெரும்புயல் தாக்கியது. நெற்பயிரில் நோயும் பரவியது.

இவற்றோடு கல்கத்தாவில் போர்ச்செலவு குவிந்தது. படைகளுக்கும், போர்த் தொழிற்சாலைகளின் ஊழியர்களுக்கும் தடையின்றி உணவு கிடைக்க அரசும் நிறுவனங்களும் எந்த விலைக்கும் அரிசி வாங்கின. பிற மாகாணங்கள் தத்தம் எல்லையைத் தாண்டித் தானியம் செல்லாமல் தடை விதித்தன. கிராமத்துக் கூலியாள் சந்தைக்குப் போனபோது அரிசி இருந்தது; வாங்கும் அளவுக்கு அவரிடம் காசு இல்லை.

பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ஆய்வில், 1943இல் வங்காளத்தில் இருந்த உணவின் அளவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு என்றும், பஞ்சம் இல்லாத 1941ஐவிட அதிகம் என்றும் கணக்கிட்டார். உணவின்மையைவிட, உணவை வாங்கும் உரிமை சில பிரிவினரிடமிருந்து பறிபோனதே காரணம் என்பது அவர் முடிவு. பயிர் நோயின் சேதத்தை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று மறுப்போரும் உள்ளனர். போர்க்கால விலையேற்றம் பஞ்சத்தைக் கடுமையாக்கியது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இறந்தோர் தொகையை உட்ஹெட் தலைமையிலான விசாரணை ஆணையம் சுமார் 15 லட்சம் என்றது. பின்வந்த ஆய்வாளர் பலர் 20 லட்சத்துக்கும் 30 லட்சத்துக்கும் இடைப்பட்ட மதிப்பீடுகளை முன்வைத்துள்ளனர். தானியம் அனுப்பக் கப்பல் ஒதுக்குமாறு இந்திய அரசு பலமுறை வேண்டியும், லண்டனில் இருந்த போர் அமைச்சரவை கேட்ட அளவுக்குத் தரவில்லை. அப்போது லண்டனில் இந்தியாவின் பெயரில் பல நூறு கோடி ரூபாய் மதிப்புள்ள பவுன் இருந்தது.

தொழில்களும் போக்குவரத்தும்

படைத்தேவையால் இந்தியத் தொழில்கள் முழு அளவில் இயங்கின. டாட்டா எஃகு ஆலை கவச வாகனங்களுக்கான தகடுகளைத் தயாரித்தது. பெங்களூரில் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசின் துணையுடன் 1940 டிசம்பரில் இந்துஸ்தான் விமான நிறுவனத்தைத் தொடங்கினார். 1942இல் அரசு அதன் பொறுப்பை ஏற்றது. போரின்போது நேசநாட்டு விமானங்களைப் பழுதுபார்த்த அந்நிறுவனமே பின்னர் எச்.ஏ.எல். ஆயிற்று. வேதிப்பொருள், மருந்து, கருவிகள் முதலிய துறைகளிலும் புதிய முயற்சிகள் நடந்தன.

ஆயினும் இந்த வளர்ச்சிக்கு ஓர் எல்லை இருந்தது. புதிய இயந்திரங்களை இறக்குமதி செய்ய முடியாததால், இருந்த இயந்திரங்களே இரண்டு மூன்று முறைப்பணிகளில் ஓடித் தேய்ந்தன. ஆலைகளின் இலாபம் கணக்கேட்டில் ஏறியது. அவற்றின் கருவிகள் பழசாயின. போர் முடிந்தபோது, புதுப்பிக்க வேண்டிய இயந்திரங்களும் அதற்குத் தேவையான அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் ஒருங்கே எதிர்நின்றன.

இரயில்வேயின் நிலை இதைவிட மோசம். எஞ்சின்களும் பெட்டிகளும் தண்டவாளங்களும் மேற்காசியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டன. வருவாய் குறைந்த கிளைப்பாதைகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. நிலம்பூர்–சோரனூர் பாதை, மதுரை–போடிநாயக்கனூர் பாதை ஆகியவை இவ்வாறு மூடப்பட்டு, விடுதலைக்குப் பின் 1950களில் மீண்டும் அமைக்கப்பட்டன. வண்டிகள் குறைந்த அதே வேளையில் படைப்போக்குவரத்து பெருகியதால், உபரி மாகாணத்திலிருந்து பற்றாக்குறை மாகாணத்துக்குத் தானியம் கொண்டு செல்வது மேலும் கடினமாயிற்று.

சென்னை மாகாணத்தில் விளைவுகள்

சென்னை மாகாணமும் மலபார், திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளும் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தன. அது நின்றதும் தட்டுப்பாடு உடனே தெரிந்தது. பர்மாவிலிருந்து நடந்தும் கப்பலிலும் வந்த அகதிகளுள் தமிழர் பலர். அங்கே நிலத்திலும் வட்டித் தொழிலிலும் முதலீடு செய்திருந்த நகரத்தார் பெரும் இழப்புக்கு ஆளாயினர். 1942 ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளானபின், சென்னை நகரிலிருந்து மக்கள் பெருமளவில் வெளியேறினர்.

கோவை, மதுரைப் பகுதி நூற்பாலைகள் முழுவீச்சில் இயங்கி நல்ல இலாபம் ஈட்டின. அதே மாகாணத்தின் கைத்தறி நெசவாளர்களோ நூல் கிடைக்காமல் தவித்தனர். ஆலைத் துணியும் நூலும் படைத்தேவைக்கு முதலில் சென்றதால், எஞ்சிய நூலின் விலை நெசவாளரின் கைக்கு எட்டாமல் போயிற்று. 1943இல் துணிக்கும் நூலுக்கும் விலைக் கட்டுப்பாடு வந்தது. மலிவான ‘ஸ்டாண்டர்டு’ துணி விற்கும் திட்டமும் அதே காலத்தில் தொடங்கியது.

1942 டிசம்பரில் நடுவண் அரசில் உணவுத்துறை தனியே ஏற்படுத்தப்பட்டது. 1943இல் தியோடர் கிரகோரி தலைமையிலான குழு, பெரிய நகரங்களில் உணவுப் பங்கீடு தேவை எனப் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்திலும் பங்கீட்டு அட்டையும் கட்டாய நெல் கொள்முதலும் நடைமுறைக்கு வந்தன. போர் முடிந்தும் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. 1952இல் முதலமைச்சரான இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது.

ஸ்டெர்லிங் இருப்பு

லண்டனில் சேர்ந்த பவுன், ‘ஸ்டெர்லிங் இருப்பு’ எனப்பட்டது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு, பிரிட்டனிடம் இந்தியா பட்டிருந்த 30 கோடிப் பவுனுக்கு மேற்பட்ட கடன் தீர்க்கப்பட்டது. அதன் பின்னும் 1946இல் சுமார் 130 கோடிப் பவுன், அதாவது ஏறத்தாழ 1,733 கோடி ரூபாய், எஞ்சியிருந்தது. போர்க்காலத்தில் பிரித்தானியப் பத்திரங்களுக்குக் கிடைத்த வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடே.

இத்தொகையைத் திருப்பித் தருவது பற்றிப் பிரிட்டனில் எதிர்ப்பு எழுந்தது. இந்தியாவைக் காத்ததற்காக எதிர்க்கணக்கு வைக்க வேண்டும் என்பது பிரதமர் சர்ச்சிலின் கருத்து. ஏறிவிட்ட விலைகளில் பொருள் வாங்கியதால் பிரிட்டன் அதிகம் கொடுத்துவிட்டது என்றும் வாதிக்கப்பட்டது. உண்ண வேண்டியதையும் உடுக்க வேண்டியதையும் விட்டுக்கொடுத்துச் சேர்ந்த பணம் இது. இதில் ஒரு பவுனும் குறைக்கலாகாது என்பது இந்தியத் தரப்பின் நிலை.

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்ஸில் நடந்த மாநாட்டில் இப்பிரச்சினை எழுந்தது. நிதி உறுப்பினர் ஜெரமி ரெய்ஸ்மன் தலைமையில் சென்ற இந்தியக் குழுவில் ரிசர்வ் வங்கியின் ஆளுநர் சி. டி. தேஷ்முக், கோவையைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார், ஏ. டி. ஷ்ராப் ஆகியோர் இருந்தனர். இருப்பில் ஒரு பகுதியையேனும் பன்னாட்டு நிதியத்தின் வழியாக டாலர் முதலிய நாணயங்களாக மாற்றிக்கொள்ள வகைசெய்ய வேண்டும் என இந்தியா கோரியது. பிரிட்டனின் பிரதிநிதி கெயின்ஸ், இது இரு நாடுகள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியது என்றார். கோரிக்கை ஏற்கப்படவில்லை.

அதே ஆண்டு, இந்தியத் தொழிலதிபர் எண்மர் வெளியிட்ட பம்பாய்த் திட்டம், 15 ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு செய்ய வேண்டும் என்றது. அதில் 1,000 கோடியை ஸ்டெர்லிங் இருப்பிலிருந்து பெறலாம் எனக் கணக்கிடப்பட்டிருந்தது. போரின் இழப்பு, வருங்கால ஆலைகளாகவும் அணைகளாகவும் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது.

விடுதலைக்குப் பின்

1947 ஆகஸ்ட் 14இல் கையெழுத்தான இடைக்கால உடன்பாட்டின்படி, இருப்பில் ஒரு சிறு பகுதியை மட்டுமே இந்தியா உடனே பயன்படுத்த முடிந்தது. 1948 ஜூலை உடன்பாட்டில், பிரிட்டன் இந்தியாவில் விட்டுச்சென்ற படைக்கருவிகள், கிடங்குகள், கட்டடங்கள் ஆகியவற்றின் விலையாக சுமார் 10 கோடிப் பவுன் கழிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற பிரித்தானிய அலுவலர்களின் ஓய்வூதியத்துக்காக ஏறத்தாழ 17 கோடிப் பவுன் ஒதுக்கப்பட்டது. பாகிஸ்தானின் பங்கும் பிரிக்கப்பட்டது. 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டது. ரூபாயும் அதனுடன் இறங்கியது. அமெரிக்க இயந்திரமும் கோதுமையும் வாங்கும் அளவில், மீதமிருந்த இருப்பு ஒரே நாளில் 30 விழுக்காடு சுருங்கியது.

புதிய நாட்டின் படைச்செலவும் குறையவில்லை. நாட்டின் முதல் நிதியமைச்சரான சண்முகம் செட்டியார் 1947 நவம்பர் 26இல் தாக்கல் செய்த முதல் வரவுசெலவுத் திட்டத்தில், மொத்தச் செலவான 197.39 கோடி ரூபாயில் 92.74 கோடி பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது. பிரிவினையும் காஷ்மீர்ப் போரும் அதற்குக் காரணங்கள்.

எஞ்சிய இருப்பு உணவு இறக்குமதிக்கும், பின்னர் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதிக்கும் செலவாயிற்று. அது வேகமாகக் கரைந்ததால், பணத்தாளுக்கு ஈடாக இருக்க வேண்டிய அந்நியச் சொத்தின் அளவை 1956இலும் 1957இலும் சட்டத்திருத்தம் செய்து குறைக்க நேர்ந்தது. 1958இல் இந்தியாவுக்கு உதவ நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று கூடியது. உதவி வழங்கிய நாடுகளுள் பிரிட்டனும் ஒன்று.

நிலைத்துவிட்ட ஏற்பாடுகள்

போருக்காகத் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட பல ஏற்பாடுகள் பல பத்தாண்டுகள் நீடித்தன. 1939இல் தொடங்கிய அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு 1947இல் நிலையான சட்டமாயிற்று. 1943இல் வந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாடு 1992 வரை இருந்தது. இன்றியமையாப் பண்டங்கள் சட்டமும் நியாயவிலைக் கடையும் போர்க்காலப் பங்கீட்டிலிருந்து வளர்ந்தவை. போர்க்காலக் கள்ளப் பணத்தைப் பிடிக்க, 1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. உயர்மதிப்புத் தாள்களைச் செல்லாதவையாக்கும் வழக்கம் இந்தியாவில் அப்போதுதான் தொடங்கியது.

மதிப்பீடு

போர்க்கால விலையேற்றத்தை நிர்வாகத்தின் இயலாமை எனச் சிலர் விளக்குகின்றனர். உத்சா பட்நாயக் முதலியோர், எளிய மக்களின் நுகர்வைக் குறைத்துப் போருக்கு வளம் திரட்டத் தெரிந்தே கையாளப்பட்ட வழி அது என்கின்றனர். பிரிட்டனையும் இந்தியாவையும் ஒப்பிட்ட வரலாற்றாசிரியர் இந்திவர் காம்தேகர், பிரிட்டனில் போர் வர்க்க வேறுபாட்டைக் குறைத்தது என்றும், இந்தியாவில் அதைக் கூட்டியது என்றும் எடுத்துக்காட்டினார். மக்களின் ஒப்புதலைப் பெற்ற அரசு செல்வரிடம் வரி கேட்க முடிந்தது. ஒப்புதல் பெறாத அரசு பணத்தாளை நாடியது என்பது இவ்வொப்பீட்டிலிருந்து தெரியவரும்.

படைச்செலவு உற்பத்தியைத் தூண்டும் என்ற பொதுவான கருத்துக்கு இந்திய வரலாற்றில் ஓரளவு சான்று உண்டு. விமானத் தொழிலும் எஃகுத் தொழிலும் அதனால் பயன்பெற்றன. ஆனால் உற்பத்தியைப் பெருக்க இயந்திரமும், உணவை நகர்த்த வண்டியும், பற்றாக்குறையைச் சமமாகப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடும் இல்லாத நாட்டில், அதே செலவு உணவையும் துணியையும் வறியோரிடமிருந்து எடுத்துப் படைக்குக் கொடுக்கும் கருவியாகிறது. லண்டன் கணக்கில் எழுதப்பட்ட பவுனை இந்தியா பிற்காலத்தில் பெற்றது. அந்தப் பவுன் சேர்ந்த ஆண்டுகளில் பசியால் மாண்டவர்களுக்கோ, தறியை விற்ற நெசவாளர்களுக்கோ அதில் பங்கு ஏதும் வரவில்லை.